கேமரா வாங்கும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

என் கேமரா பையின் பக்கவாட்டு ஜிப்பில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். நான் எடுத்த நல்ல படங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. எடுக்க முடியாமல் போனவை மட்டும்தான். ‘இரண்டாம் காட்சி. அவள் திரும்பிப் பார்த்த நொடி. ஃபோகஸ் பின்னால் நின்றவர் மேல் போய்விட்டது.’ ‘பாட்டு முடிந்த அமைதி. ஷட்டர் சத்தம் கேட்கும் என்று அழுத்தவில்லை.’ ‘70-200 ஜூம் லென்ஸ் மாட்டியிருந்தேன். ஆறு பேரும் மேடையின் முன்பக்கம் ஓடிவந்தார்கள். யாரும் முழுதாக அடங்கவில்லை.’

நான் மேடை நாடகமும் நடனமும் படம் எடுப்பவள். 16 வருடமாக இதுதான் வேலை. முதல் 11 வருடம் டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் வழி வரும் காட்சியை ஒரு கண்ணாடி திருப்பி, கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்கு அனுப்பும் கேமரா), அப்புறம் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாதது). இந்த நோட்டு இல்லாமல் நான் வாங்கிய கேமராக்களில் பாதி தப்பான காரணத்துக்காக வாங்கியவை. நோட்டு வந்தபின் வாங்கிய எதற்கும் நான் வருத்தப்பட்டதில்லை. எந்த பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா உடல்), எந்த லென்ஸ், மிரர்லெஸ்ஸுக்கு மாறலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முறையை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

படம் எடுப்பவர்கள் மூன்று பேர் சேர்ந்தால் பேச்சு பாடியில் தொடங்கி, லென்ஸில் சூடாகி, ஃபுல் ஃப்ரேம் (ஒளியைப் பதியும் சென்சார் பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவுக்குப் பெரியது) வேண்டுமா வேண்டாமா என்பதில் வந்து நிற்கும். என் நண்பர் ஒருவர் பறவைகளை எடுப்பவர். சென்சார் வேகம்தான் எல்லாம் என்பார். இன்னொருவர் மலையேறி விடியற்காலை நிலக்காட்சி எடுப்பவர். முக்காலியில் கேமரா நிற்கும்போது வேகம் எதற்கு, எடைதான் பிரச்சினை என்பார். நான் சத்தத்தைப் பற்றிப் பேசுவேன். வருடக்கணக்காக வாதாடிய பிறகு ஒன்று புரிந்தது: மூன்று பேரும் சொல்வது சரிதான். ஒவ்வொருவரும் தாங்கள் தவறவிட்ட படத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறோம். அதனால் அடுத்தவர் தவறவிட்ட படத்துக்காக நீங்கள் கேமரா வாங்கினால் அது உங்களுக்கு உதவாது.

நோட்டை எழுதுவது எப்படி

இப்போது கையில் இருக்கும் கேமராவோடு தொடங்குங்கள். படம் எடுக்கப் போகும் ஒவ்வொரு முறையும், அன்று இரவே, தவறிய படங்களை எழுதுங்கள். மறுநாள் எழுதினால் மனம் நல்ல படங்களை மட்டும் நினைவில் வைத்திருக்கும். என்ன நடந்தது, எந்த லென்ஸ் மாட்டியிருந்தது, ஷட்டர் வேகம் என்ன, எது தடுத்தது, இவ்வளவு போதும். ‘எது தடுத்தது’ என்ற இடத்தில் நேர்மை வேண்டும். ‘கேமரா சரியில்லை’ என்று எழுதக் கூடாது. ஃபோகஸ் வரவில்லையா, வந்தும் தவறான இடத்தில் நின்றதா, கை ஆடியதா, ஆள் ஆடியதா, வெளிச்சக் கணக்கு பிசகியதா, லென்ஸ் எட்டவில்லையா, நீங்கள் அழுத்தவே தாமதமா? கை ஆடியதும் ஆள் ஆடியதும் ஒன்றல்ல. படத்தில் பின்னணித் திரையும் சேர்ந்து இழுபட்டிருந்தால் கை. திரை கூர்மையாக இருந்து விரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் ஆள்.

இருபது முறையாவது போய் வந்தபின் எண்ணிப் பாருங்கள். என் முதல் நோட்டில் 47 வரிகள் சேர்ந்தன. 17 படங்கள் நான் தாமதமாக அழுத்தியவை. 12 படங்கள் சத்தத்துக்குப் பயந்து அழுத்தாமலே விட்டவை. 9 ஃபோகஸ். 6 தவறான லென்ஸ். மீதி 3 சில்லறைக் காரணங்கள். அந்த 17-ஐ எந்தக் கேமராவும் எனக்குத் திருப்பித் தராது. ஒத்திகையை இன்னும் இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தால்தான் அது சரியாகும். 12-உம் 9-உம்தான் மிரர்லெஸ்ஸை நோக்கி என்னைத் தள்ளின. படத்தில் மணல் தூவியது மாதிரிப் புள்ளி தெரிகிறது, மெகாபிக்சல் போதவில்லை என்று ஒரு வரிகூட அந்த நோட்டில் இல்லை. ஆனால் அதுவரை நான் வாதாடியதெல்லாம் அந்த இரண்டையும் பற்றித்தான்.

இதோடு இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்தக் குவியத் தூரத்தில் (லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்பதைச் சொல்லும் மி.மீ. எண்), எந்த அப்பர்ச்சரில் (லென்ஸ் துளையின் திறப்பு, எஃப் எண் சின்னதானால் திறப்பு பெரிது) எடுத்தது என்பது பதிவாகியிருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் மெட்டாடேட்டா வடிகட்டியைத் திறந்தால் லென்ஸ் வாரியாக எண்ணிக் காட்டும். நீங்கள் தேர்ந்து வைத்திருக்கும் படங்களை மட்டும் எண்ணுங்கள், எடுத்ததையெல்லாம் அல்ல. ஜூம் லென்ஸின் நீண்ட முனையிலேயே படங்கள் குவிந்திருந்தால் உங்களுக்கு அதைவிட நீண்ட லென்ஸ் தேவைப்படுகிறது. குட்டை முனையில் குவிந்திருந்தால் நீங்கள் தப்பான லென்ஸோடு அலைகிறீர்கள். நடுவில் ஒரே இடத்தில் குவிந்திருந்தால், அந்தத் தூரத்தில் ஒரு நல்ல பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாமல் ஒரே குவியத் தூரம் கொண்டது) பாதி எடையில் அதே வேலையைச் செய்யும். என் படங்கள் 85-க்கும் 135-க்கும் நடுவே குவிந்திருந்தன. 24-70-ஐ நான் வருடக்கணக்காகச் சுமந்தது பழக்கத்தினால்தான் என்று அன்று தெரிந்தது.

மவுன்ட்: இங்கே அவசரம் வேண்டாம்

பாடி நாலைந்து வருடம் இருக்கும். லென்ஸ் இருபது வருடம் இருக்கும். மவுன்ட், அதாவது லென்ஸும் பாடியும் சேரும் வளையம், ஒரு குடும்பத்தில் சம்பந்தம் செய்வது மாதிரி, ஒருமுறை போனால் வெளியே வருவது கஷ்டம். அதனால் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது மவுன்டைத்தான்.

மவுன்ட் வளையத்திலிருந்து சென்சார் வரை உள்ள தூரத்தை ஃப்ளாஞ்ச் தூரம் என்கிறோம். டிஎஸ்எல்ஆரில் அந்த இடைவெளியில் ஒரு கண்ணாடி மேலும் கீழும் ஆட வேண்டும். அதனால் 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுன்டில் அது 46.5 மி.மீ., 1987-இல் வந்த கேனன் இஎஃப்பில் 44 மி.மீ. கண்ணாடி போனதும் இடைவெளியும் சுருங்கியது. சோனி இ மவுன்டில் 18, கேனன் ஆர்எஃப்பிலும் லைகா, பானசோனிக், சிக்மா உள்ளிட்ட நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் எல் மவுன்டிலும் 20, ஃபியூஜிஃபில்ம் எக்ஸில் 17.7, நிக்கான் இசட்டில் 16.

இந்த எண்களால் நமக்கு என்ன? இரண்டு விஷயம். ஒன்று, நீண்ட இடைவெளிக்குச் செய்த பழைய லென்ஸைக் குட்டை இடைவெளி பாடியில் மாட்டலாம். நடுவே ஒரு வளையம் வைத்தால் போதும். நிக்கான் எஃப் லென்ஸை இசட்டில் மாட்ட 30.5 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது. மறுபக்கம் முடியாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் கேனன் இஎஃப்-எம் வைத்திருந்தவர்கள். 2012-இல் வந்த அந்த மவுன்டின் இடைவெளி 18 மி.மீ. 2018-இல் ஆர்எஃப் வந்தபோது அது 20. இஎஃப்-எம் லென்ஸ் ஆர்எஃப் பாடியில் சரியாக ஃபோகஸ் ஆக வேண்டுமானால் அது பாடிக்குள் 2 மி.மீ. புதைந்து உட்கார வேண்டும். நடக்கிற காரியமா? ஆக, சின்னக் கேமராவில் தொடங்கி அதே லென்ஸ்களோடு பெரியதற்குப் போகலாம் என்ற வழி அங்கே அடைபட்டது. நிக்கான் 1 மவுன்டும் சாம்சங் என்எக்ஸ் மவுன்டும் அப்படித்தான் முட்டுச்சந்தில் நின்றன. மவுன்டைத் தேர்ந்தெடுக்கும்போது இன்று இருக்கும் பாடியைப் பார்க்காதீர்கள். அந்த மவுன்டில் உங்களுக்குத் தேவையான மூன்று லென்ஸ்கள் இன்றைக்கே இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘வரப்போகிறது’ என்ற பேச்சை நம்பி வாங்க வேண்டாம்.

அடுத்த நிறுவனங்கள் அந்த மவுன்டுக்கு லென்ஸ் செய்கின்றனவா என்பதையும் கேளுங்கள். சோனி 2011-இலேயே இ மவுன்டின் அடிப்படை விவரங்களை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டது. அதனால் அங்கே சிக்மா, டாம்ரான் என்று தேர்வு அதிகம். கேனன் ஆர்எஃப்புக்கு இந்த இருவரும் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அறிவித்தது 2024 ஏப்ரலில்தான். அப்போதும் அவை ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) அளவு லென்ஸ்கள். கேனனின் சொந்த லென்ஸ்கள் அருமையானவை. ஆனால் நடுத்தர எடை, நடுத்தர விலை லென்ஸ் தேடுபவர் இந்த வித்தியாசத்தை முதலிலேயே எடைபோட வேண்டும்.

அடாப்டர் பற்றிப் பேசுகையில் ‘எல்லாம் வேலை செய்யும்’ என்று சொல்பவரிடம் எந்த லென்ஸ் என்று திருப்பிக் கேளுங்கள். கேனன் இஎஃப் லென்ஸ்கள் அந்த நிறுவனத்தின் அடாப்டரில் ஆர்எஃப் பாடியோடு இயல்பாகவே ஓடுகின்றன. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ் வகைக்கு ஆட்டோஃபோகஸ் உண்டு. பாடியின் திருகால் ஓடும் பழைய ஏஎஃப்-டி வகைக்கு இல்லை, கையால்தான் திருப்ப வேண்டும். மேசை மேல் வைத்த பொருளை எடுப்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. ஓடும் குழந்தையை எடுப்பவருக்கு அந்த லென்ஸ் இனி இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விஷயம் லென்ஸின் வடிவம். இடைவெளி குறைந்தால் லென்ஸ் சின்னதாகும் என்று எல்லோரும் நம்புகிறோம். வைட் லென்ஸுக்கு (அகலமான காட்சி தருவது) அது ஓரளவு உண்மை. டிஎஸ்எல்ஆரின் கண்ணாடியைத் தாண்டி நிற்பதற்காகச் செய்யப்பட்ட சுற்றுவழி வடிவமைப்பு அதற்கு இனி தேவையில்லை. டெலிஃபோட்டோவுக்கு (தூரத்தை நெருக்கிக் காட்டுவது) பெரிதாக லாபம் ஒன்றும் இல்லை. வேகமான, அதாவது அதிக ஒளி வாங்கும் லென்ஸ்கள் சில முன்பைவிடக் கனமாகிவிட்டன. கேனனின் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.2 சுமார் 580 கிராம், உள்ளே 8 கண்ணாடி வில்லைகள். அதே அளவின் ஆர்எஃப் லென்ஸ் 950 கிராம், 15 வில்லைகள். முழுதாகத் திறந்து வைத்தாலே ஓரம் வரை கூர்மை வேண்டும் என்று வடிவமைத்தார்கள், கனம் கூடவே வந்தது. அதே நிறுவனத்தின் ஆர்எஃப் 50 எம்எம் எஃப் 1.8 வெறும் 160 கிராம். எனவே எடை குறைய வேண்டும் என்பதற்காக மாறுகிறவர் பாடியின் எடையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். தினமும் எடுத்துப் போகும் இரண்டு லென்ஸோடு சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

நிறைய சண்டை நடக்கும் இன்னொரு இடம், லென்ஸின் கோணலை மென்பொருள் திருத்துவது. ஆர்எஃப் 16 எம்எம் எஃப் 2.8 மாதிரியான சின்ன லென்ஸ்களின் ரா கோப்பை (சென்சார் பதிந்த மூலக் கோப்பு) திருத்தாமல் திறந்தால் நேர்க்கோடு பீப்பாய் மாதிரி வளைந்திருக்கும், மூலைகள் இருண்டிருக்கும். இது ஏமாற்று என்று என் மலைக்காட்சி நண்பர் கோபப்படுவார். என் கருத்து வேறு. சின்னதாக, லேசாக, கையில் எடுத்துப் போகத்தக்கதாக ஒரு லென்ஸ் செய்ய அது ஒரு நியாயமான வழி. மேடைப் படத்தில் மூலை இருட்டுதான். ஆனால் மூலையை இழுத்து நிரப்பும்போது அங்கே கூர்மை குறையும், புள்ளிகள் ஏறும். நட்சத்திரங்கள் எடுப்பவரும் கட்டடங்கள் எடுப்பவரும் வாங்கும் முன் ராதெரபி போன்ற மென்பொருளில் திருத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சத்தமில்லாத ஷட்டரும் வரிக் கோடுகளும்

என் 12 வரிகளுக்கு மருந்து எலக்ட்ரானிக் ஷட்டர் (இயந்திரத் திரை அசையாமல் சென்சாரே படத்தைத் தொடங்கி முடிப்பது) என்று நம்பித்தான் மாறினேன். முதல் மிரர்லெஸ் பாடி வந்த வாரமே ஒரு நடன ஒத்திகைக்குப் போனேன். இரண்டு மணி நேரம், 900 படங்கள், ஒரு சத்தம் இல்லை. ஆடியவர் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததில்லை. வீட்டில் வந்து திறந்தால் நீல விளக்கு விழுந்த எல்லாப் படத்திலும் நெடுகக் கோடுகள். முகத்தின் குறுக்கே, கையின் குறுக்கே. அன்றைய ஒத்திகையை இன்னொரு முறை நடத்தச் சொல்ல முடியாது. அந்த 900-இல் எட்டுப் படங்கள் தேறின.

காரணம் எளிமையானது, முன்பே தெரிந்திருக்க வேண்டியது. எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் ஒரே நேரத்தில் முழுதாகப் படிக்கப்படுவதில்லை. மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கப்படுகிறது. ஷட்டர் வேகத்தை 1/1000 என்று வைத்தாலும், முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே சாதாரண ஃபுல் ஃப்ரேம் சென்சாரில் 1/20 நொடி போல ஆகிவிடும். மெகாபிக்சல் மிக அதிகமான சிலவற்றில் இன்னும் மெதுவு. எல்இடி விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்த நேரத்தில் படிக்கப்பட்ட வரிகள் இருட்டு, எரிந்த நேரத்தில் படிக்கப்பட்டவை வெளிச்சம். அதுதான் கோடு. வேகமாக அசையும் கை வளைவதும், ஓடும் காரில் இருந்து எடுத்த கம்பம் சாய்வதும் இதே காரணத்தால்தான்.

கடையிலோ நண்பரிடமோ ஒரு பாடி கிடைத்தால் அதன் வாசிப்பு வேகத்தை நீங்களே அளக்கலாம். வேறு எந்த வாதத்தையும்விட இந்த ஐந்து நிமிடச் சோதனை உங்களுக்கு அதிகம் சொல்லும். மின்னித் துடிக்கும் ஒரு விளக்கு வேண்டும். எல்லா எல்இடியும் துடிக்காது, பழைய ட்யூப்லைட் நன்றாகத் துடிக்கும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆன இடத்தில் அது நொடிக்கு 100 முறை துடிக்கிறது, 60 ஹெர்ட்ஸ் ஆனால் 120. அந்த வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரை, கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, ஃப்ரேம் முழுக்கச் சுவர் வரும்படி, எலக்ட்ரானிக் ஷட்டரில் 1/2000 வேகத்தில் எடுங்கள். இருண்ட கோடுகளை எண்ணுங்கள். ஐந்து கோடு வந்தால் வாசிப்பு நேரம் 5/100, அதாவது 1/20 நொடி. பத்து கோடு வந்தால் 1/10. ஒரு கோடுகூட முழுதாக வராமல் சுவர் மெல்ல மங்குவதோடு நின்றால் 1/100-ஐவிட வேகம். அப்படிப்பட்ட சென்சார்தான் என் மாதிரி வேலைக்கு ஆகும்.

அந்த வேகம் வந்தது அடுக்கு சென்சாரால். படிக்கும் மின்சுற்றையும் நினைவகத்தையும் சென்சாருக்குப் பின்னால் அடுக்கிவிட்டார்கள். 2017-இல் வந்த சோனி ஏ9 இதை ஃபுல் ஃப்ரேமுக்குக் கொண்டுவந்தது. 2021-இல் நிக்கான் இசட்9 ஒரு படி மேலே போய் இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டது. அதன் வாசிப்பு 1/270 நொடி அளவில், அது இயந்திரத் திரை ஓடும் வேகத்துக்குச் சமம். 2023-இன் கடைசியில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பிடிக்கிறது. அதில் வளைவும் இல்லை, ஒரு படத்துக்குள் கோடும் இல்லை. துடிக்கும் விளக்கில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் வெளிச்சம் மாறலாம், அவ்வளவுதான். பதிலுக்கு அதன் அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு எண்) வழக்கமான 100 அல்ல, 250. என் பறவை நண்பர் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பார். விடியற்காலை ஒளியில் நிழலுக்குள் இருக்கும் பாறையை மென்பொருளில் மேலே தூக்கும் மலை நண்பருக்கு இது இழப்பு.

அடுக்கு சென்சார் பாடி உங்களுக்கு எட்டாவிட்டால் வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். நான் நான்கு வருடம் சாதாரண சென்சாரோடுதான் சமாளித்தேன். இசை ஓங்கி ஒலிக்கும்போது இயந்திர ஷட்டர். அமைதி வரும்போது எலக்ட்ரானிக், ஆனால் ஷட்டர் வேகத்தை விளக்கின் துடிப்போடு ஒத்துப்போகும்படி 1/100-க்கோ 1/50-க்கோ இறக்கிவிடுவேன். அமைதியான கணத்தில் பெரும்பாலும் ஆள் அசையாமல்தான் நிற்பார், அதனால் அந்த வேகம் தாங்கும். மேடை எல்இடிகளின் துடிப்பு வீட்டு விளக்கு மாதிரி 100 அல்ல, பல மடங்கு அதிகம். அதற்கு ஷட்டர் வேகத்தை மிகச் சிறு படிகளாக நகர்த்தும் வசதி சில பாடிகளில் உண்டு. திரையைப் பார்த்துக்கொண்டே கோடு மறையும் வரை நகர்த்தலாம். இந்த வசதி இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் தேடிப் பார்த்து வாங்குங்கள். இயந்திர ஷட்டரும் அரை எலக்ட்ரானிக்கும் (தொடக்கம் எலக்ட்ரானிக், முடிவில் மட்டும் இயந்திரத் திரை) தேர்வாக இருந்தால், 1/60 முதல் 1/200 வரை அரை எலக்ட்ரானிக் நல்லது, தொடக்கத் திரையின் அதிர்ச்சி படத்தில் ஏறாது. 1/2000-க்கு மேல் எஃப் 1.4 மாதிரித் திறந்து வைத்து எடுத்தால் முழு இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள். இல்லையென்றால் பின்னணி ஒளி வட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு நிற்கும்.

ஃபோகஸும் வியூஃபைண்டரும்

என் ஒன்பது வரிகள் மிரர்லெஸ்ஸில் உண்மையாகவே தீர்ந்தன. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்ப்பது ஒரு தனி சென்சார், படம் பதிவாவது வேறொரு சென்சார். இரண்டுக்கும் ஒளி போகும் தூரம் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னே அல்லது பின்னே விழும். ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட்டு உட்கார்ந்த மாலைகள் எனக்கு நினைவிருக்கின்றன. மிரர்லெஸ்ஸில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது, அதனால் அந்தப் பிசகுக்கு இடமில்லை. ஆள் ஃப்ரேமின் ஓரத்தில் நின்றாலும் கண்ணைப் பிடிக்கிறது.

குறையும் உண்டு. சென்சார் மேல் இருக்கும் ஃபோகஸ் புள்ளிகள் பல பாடிகளில் ஒரு திசைக் கோடுகளைத்தான் நன்றாகப் பார்க்கும். கிடைமட்டமாகக் கோடு போட்ட உடையில் ஃபோகஸ் தேடித் தேடி அலைந்தால், கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸ் எடுத்துவிட்டு நேராக்குங்கள். சில பாடிகள் நீங்கள் வைத்த அப்பர்ச்சரிலேயே ஃபோகஸும் பார்க்கும். மங்கிய வெளிச்சத்தில் எஃப் 8 வைத்தால் அவை தடுமாறும்.

வியூஃபைண்டர் விஷயத்தில் மற்றவர் பேச்சைக் கேட்கவே வேண்டாம், உங்கள் கண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 36.9 லட்சம் புள்ளி, 57.6 லட்சம் புள்ளி என்று போட்டிருப்பதை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். முதலாவது 1280க்கு 960, இரண்டாவது 1600க்கு 1200. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியோடு பாருங்கள், நாலு மூலையும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இருட்டில் முப்பது நிமிடம் பார்த்தால் எனக்குக் கண் எரியும், அதனால் பிரகாசத்தை இரண்டு படி குறைத்து வைக்கிறேன். எடுக்கும் முன்பே வெளிச்சம் தெரிவது பெரிய வரம். என் முகங்கள் வெளுத்துப்போவது அதனால்தான் நின்றது. ஆனால் ஃப்ளாஷ் போடும்போது அந்த முன்காட்சியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கருப்புத் திரையைத்தான் பார்ப்பீர்கள்.

மற்றவை

சென்சார் அளவுக்கு ஒரே கணக்கு போதும். ஏபிஎஸ்-சியில் 50 எம்எம் எஃப் 1.8 வைத்தால், ஃபுல் ஃப்ரேமில் 75 எம்எம் எஃப் 2.7 கொடுக்கும் காட்சிக் கோணமும் பின்னணி மங்கலும் கிடைக்கும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் (அதைவிடச் சின்ன சென்சார்) இரண்டால் பெருக்குங்கள். வெளிச்சக் கணக்கு மாறாது. தூரத்துப் பறவைக்குச் சின்ன சென்சார் கைகொடுக்கும், இருட்டு அரங்குக்குப் பெரியது.

பாடிக்குள் இருக்கும் நிலைநிறுத்தி கை ஆடுவதை நிறுத்தும், ஆள் ஆடுவதை நிறுத்தாது. உங்கள் நோட்டில் விரல்கள் மட்டும் இழுபட்ட வரிகள் அதிகமென்றால் அதற்குச் செலவு செய்யாதீர்கள், எஃப் 1.8 லென்ஸுக்குச் செலவு செய்யுங்கள்.

பேட்டரி: நிக்கான் டி850-க்கு (டிஎஸ்எல்ஆர்) தரச் சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 1840 படங்கள், மிரர்லெஸ்ஸான முதல் இசட்6-க்கு 310. நிஜத்தில் தொடர்ச்சியாக எடுக்கும்போது அந்த 310 பல மடங்காக நீளும், ஆனால் காத்திருக்கும் நேரம் அதைத் தின்றுவிடும். மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள், கதை முடிந்தது. தூசு பற்றி: லென்ஸ் மாற்றும்போது சென்சார் திறந்து கிடக்கும். அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் வசதியை 2018-இன் கேனன் இஓஎஸ் ஆர் கொண்டுவந்தது. இல்லாத பாடிகளில் மவுன்டைக் கீழே பார்த்தபடி பிடித்து மாற்றுங்கள்.

நோட்டைப் படித்தபின் உங்கள் தவறிய படங்களில் பெரும்பகுதி தாமதமும் லென்ஸும்தான் என்று தெரிந்தால், டிஎஸ்எல்ஆரை விட்டு வர வேண்டாம். மலைக்காட்சி நண்பர் இன்றும் பழைய பாடியில்தான் எடுக்கிறார். அவர் நோட்டில் இருந்த வரிகள் எல்லாம் முக்காலியின் எடை பற்றியவை. முக்காலியை மாற்றினார்.

வாங்குவது என்று முடிவானால் ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். நோட்டையும் கூடவே எடுத்துப் போங்கள். மாதிரிப் படம் எடுக்க வேண்டாம், பூவையும் பூனையையும் விடுங்கள். நோட்டில் அதிகம் வந்த மூன்று சூழ்நிலைகளை அப்படியே மறுபடி உருவாக்குங்கள். நான் ஒரு தோழியை இருட்டறையில் ஒரே விளக்கின் கீழ் ஆடச் சொன்னேன், நாற்பது நிமிடம். முதல் பத்து நிமிடம் இயந்திர ஷட்டர், பிறகு எலக்ட்ரானிக். பார்வையை எடுக்காமல் ஃபோகஸ் புள்ளியை விரலால் நகர்த்த முடிகிறதா, ஐஎஸ்ஓ பொத்தானை இருட்டில் விரல் தானாகக் கண்டுபிடிக்கிறதா, 70-200 மாட்டியதும் சுண்டுவிரல் பிடிமானம் இல்லாமல் தொங்குகிறதா என்று பார்த்தேன். ஒரு பாடியில் சுண்டுவிரல் தொங்கியது. எண்களில் அதுதான் சிறந்த பாடி. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கினேன்.

வாங்கியபின் நோட்டை மூடி வைக்காதீர்கள். புதுப் பக்கத்தில் தேதி போட்டு, அதே முறையில் இன்னும் இருபது முறை எழுதுங்கள். என் இப்போதைய நோட்டில் 31 வரிகள் இருக்கின்றன. சத்தம் பற்றி ஒன்றும் இல்லை. ஃபோகஸ் இரண்டு. 22 இடங்களில் ‘தாமதம்’ என்று இருக்கிறது. நாளை மாலை ஆறு மணிக்கு ஒத்திகை. கேமரா இல்லாமல்தான் போகிறேன்.